பையை மாட்டிக்கொண்டே தூங்கும் பையன்: டாக்டரா, பள்ளிக்கூடமா, எது முதலில்?

கேள்வி: நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். என் நாத்தனாரை மணிப்பூரில் பர்மா எல்லையில் இருக்கும் மோரேவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 2023 கலவரத்தில் வீடு எரிந்தபின் அங்கேயும் இங்கேயுமாக இருந்துவிட்டு, மூன்று மாதம் முன்பு பிள்ளையோடு எங்களிடம் வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். பையனுக்கு 9 வயது. வீட்டில் ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசுகிறான், வெளியாள் வந்தால் அதுவும் இல்லை. ராத்திரி பாயை நனைக்கிறான். தெருவில் சாவு எடுக்கும்போது பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். முதுகில் பையை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். டிசி இல்லாததால் இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. மாமியார் மந்திரிக்கலாம் என்கிறார். டாக்டரிடம் போவதா, கொஞ்ச நாள் விட்டுப்பிடிப்பதா?

பதில்: முதலில் பள்ளிக்கூடம். டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் மூன்று மாதமாக ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், பெரும்பாலும் அம்மா போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டு, எரிந்த வீட்டின் வீடியோவை யாரோ திரும்பத் திரும்பப் போடுவதைப் பார்த்துக்கொண்டு. இதை இன்னும் ஒரு வாரம்கூட நீட்டக் கூடாது.

டிசி இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது சட்டப்படி தப்பு. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ, வருஷம் பாதி போய்விட்டது என்றோ சேர்க்கை மறுக்க முடியாது. இடையில் படிப்பு விட்டுப்போயிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும், விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். ஆகவே அவனை ஒன்றாம் வகுப்பில் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளிக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ நேரில் போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். இழுத்தடித்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அடியுங்கள். எரிந்துபோன ஆதார், பிறப்புச் சான்று எல்லாம் பின்னால் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம், அதற்காகப் பையன் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். மோரேயில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கும். இங்கே வந்ததும் "இவ்ளோ பெரிய பையனுக்கு அ, ஆ தெரியலையே" என்று யாராவது சொல்லிவிட்டால் இருக்கிற இரண்டு வார்த்தையும் நின்றுவிடும். தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்குத் தகுந்தபடி பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். நான்காம் வகுப்பிலேயே இருந்துகொண்டு அரும்பில் தொடங்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று டீச்சரிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை காலை உணவும் அங்கேயே. காலையில் எழுந்து குளித்து, பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டு, மணி அடித்ததும் வரிசையில் நின்று, சாயங்காலம் அதே வழியில் வீடு திரும்புவது இருக்கிறதே, எல்லாம் தலைகீழாகிப்போன ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மருந்தை நான் பார்த்ததில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று அவனுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும்.

இப்போது பை. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் கார்கில் நகர் தற்காலிகக் குடியிருப்பில் நான் வேலை செய்தபோது ஒரு சின்னப் பெண், ராத்திரி படுக்கும்போது இரண்டு செருப்பையும் பாவாடை நாடாவில் கட்டிக்கொள்வாள். அம்மா அவிழ்த்து வைப்பார், அவள் எழுந்து மறுபடி கட்டுவாள். ஓட வேண்டி வந்தால் செருப்பு வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. உங்கள் பையன் கணக்கும் அதுதான். ஓடியபோது எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறான், இந்தத் தடவை விடக் கூடாது என்று தயாராக இருக்கிறான். பையைப் பிடுங்காதீர்கள், "இங்க யாரு வரப்போறா" என்று கிண்டல் செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டு படுக்கட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, தலைமாட்டில் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஓர் ஆணி அடித்து, இது உன் இடம், வேண்டுமானால் இங்கே மாட்டிக்கொள் என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

பட்டாசு விஷயத்தில் நம் பக்கம் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். சாவு ஊர்வலம் வந்தால் மேளமும் வெடியும் இல்லாமல் தெருவைத் தாண்டாது. அவனுக்கு அது சாவு வெடியா, வேறு சத்தமா என்று யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. காதில் விழுந்ததுமே உடம்பு ஓடுகிறது, புத்தி பின்னால்தான் வருகிறது. அதனால் "பயப்படாதே, ஆம்பளைப் பிள்ளை" என்ற பேச்சு எந்த உதவியும் செய்யாது. தெருவில் சாமியானா போட்டதுமே போய்ச் சொல்லிவிடுங்கள்: நாலு வீடு தள்ளி ஒரு தாத்தா இறந்துட்டாரு, மூணு மணிக்கு எடுப்பாங்க, வெடி வெடிப்பாங்க, பத்து நிமிஷத்தில் முடிஞ்சிடும், நான் உன்கூடவே இருப்பேன். சொன்னபடியே இருங்கள். அப்படியும் கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள், நீங்களும் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்தச் சொல்லி, கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள், அவன் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள், ஃபேன், குடம், காலண்டர் என்று. இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை உடம்புக்கு நினைவுபடுத்தத்தான் இது. சாவு வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், உங்கள் வாசலைத் தாண்டிப்போய் வெடிப்பார்கள். கேட்டு யாரும் முடியாது என்று சொன்னதை நான் கண்டதில்லை.

பாய் நனைவது, நின்றுபோன பழக்கம் பயத்தில் திரும்பி வருவதுதான், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. படுக்கும் முன் பாத்ரூம், பாய்க்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, காலையில் சத்தமில்லாமல் துணி மாற்றல். உங்கள் பிள்ளைகள் முன்னால் பேச்சே எடுக்க வேண்டாம்.

பேசவில்லையே என்ற கவலைக்கு வருகிறேன். "என்னடா நடந்துச்சு, சொல்லு, மனசுல வச்சுக்காத" என்று உட்கார வைத்துக் கேட்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. அது 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி சொல்வது மூன்றே விஷயம்: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார்ப்பது, அவர்களாகச் சொன்னால் காது கொடுப்பது, தேவையான உதவியோடு சேர்த்துவிடுவது. அவனாக ஏதாவது சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் வெங்காயம் உரிக்கக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டார் துருவினால் அவன் காதில் விழும்படி நீங்களே முடித்துவிடுங்கள்: "ஊர்ல பிரச்சினை, இங்க வந்துட்டாங்க, ஸ்கூல்ல சேர்க்கப்போறோம்." உதவி செய்கிறோம் என்று வருகிறவர்கள் பையனை நிறுத்தி போட்டோ எடுக்க விடாதீர்கள், நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் சரி.

உங்கள் மாமியாருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பர்மாவிலிருந்து 1960களில் துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் நம் வியாசர்பாடியில் நிறைய, அவர்களில் திரும்பிப் போகப் பார்த்து எல்லையில் தடுக்கப்பட்டவர்கள்தானே மோரேயில் தங்கியது. அந்தக் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். கோயிலுக்குத் தாராளமாகக் கூட்டிப்போகட்டும், மோரேயிலும் அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு, அவனுக்குப் பழகின சாமி. வேப்பிலையால் அடிப்பது, புகை போடுவது மட்டும் கூடாது. அதைவிட, ஆயா கையால் ஞாயிற்றுக்கிழமை அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், செய்து கொடுக்கட்டும். பழகின வாசனை வீட்டுக்குள் வர வேண்டும்.

நாத்தனாரை மறந்துவிடாதீர்கள். அவர் தூங்கினால்தான் பையன் தூங்குவான். ராத்திரி அவரை ஒரு மணி நேரமாவது தனியாக விடுங்கள், போன் பேச்சைப் பையன் இல்லாதபோது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீடியோக்களை அழிக்கச் சொல்லுங்கள். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் அவன் அப்பாவோடு பேசட்டும். "அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

சரி, டாக்டர். இத்தனை நாளாகியும் இவ்வளவு இருப்பதால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது, பள்ளியில் சேர்த்த கையோடு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம். போவதற்கு முன் 14416 டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம், நாத்தனாரும் பேசலாம். சாப்பாட்டை அடியோடு விட்டாலோ, தன்னைத்தானே அடித்துக்கொண்டாலோ, சாகணும் என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. இந்த வயதுக்கு மாத்திரையைவிட, அம்மாவையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசியே செய்யும் மனநல சிகிச்சைதான் முதலில். அரசு உதவி ஏதாவது கிடைக்குமா என்று 1098இல் கேட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு சேர்த்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போங்கள், நாத்தனாரும் கூட வரட்டும். ஞாயிறு ராத்திரியே பையனிடம் அந்தப் பையில் புத்தகம் வைக்க இடம் வேண்டுமே, எதை எடுக்கலாம், எது உள்ளேயே இருக்கட்டும் என்று கேளுங்கள், அவனே எடுத்து வைக்கட்டும்.