பச்சோந்தியைவிட அதன் விளக்குக்குத்தான் செலவு

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகன் வெய்ல்ட் (veiled) என்ற வெளிநாட்டு வகைப் பச்சோந்தி கேட்கிறான். கண்ணாடித் தொட்டி, சுருள் யூவி (புற ஊதாக் கதிர்) பல்பு, சூடேறும் கல், தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கடையில் தருகிறார்கள். அது போதுமா?

பதில்: அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். கல்லும் வீண். மரத்தில் வாழும் பிராணிக்கு வெயில் மேலிருந்துதான் வர வேண்டும். கீழிருந்து ஏறும் சூட்டை உணர்ந்து விலகத் தெரியாமல் வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

பணத்தை விளக்கில் போடுங்கள். புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யூவிபி படாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் கால்சியம் சேராது. கால்கள் வில்லாக வளையும், தாடை ரப்பர்போல் ஆகும், நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் போகும். சுருள் பல்பின் கதிர் ஒரு சாண் தள்ளியே மங்கிவிடும். டி5 எச்ஓ (T5 HO) என்ற, கதிர் அதிகம் தரும் மெல்லிய நீளக் குழாய் விளக்கு வாங்குங்கள். ஆர்கேடியா கம்பெனி விளக்கானால் 6%, ஜூ மெட் கம்பெனி விளக்கானால் 5.0 என்று யூவிபி அளவு போட்டிருப்பதைப் பாருங்கள். பச்சோந்தி உட்காரும் உச்சிக் கிளை அதிலிருந்து 20-25 செ.மீ. கீழே இருக்கட்டும். நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் போதும். வருடம் ஒரு முறை குழாயை மாற்றுங்கள், ஏனென்றால் வெளிச்சம் அப்படியே இருக்க யூவிபி மட்டும் தேய்ந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் கணக்கில் சேராது. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும்.

சூட்டுக்குச் சாதாரண ஹாலஜன் பல்பு போதும். அதைக் கூண்டின் வலைக்கு வெளியே மாட்டுங்கள். 29-30 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெப்பமானியைக் கிளையோடு ஒட்டிவிட்டு, எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பச்சோந்தியின் தலைக்கொண்டை கிளைக்கு மேலே அரைச் சாண் எழும்பி நிற்குமே, அந்த உயரத்தில் அளந்து பாருங்கள். கொண்டை கருகும் கதை அங்கேதான் தொடங்குகிறது. இரவில் எல்லா விளக்கும் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு பல்பும் கூடாது.

வளர்ந்த ஆணுக்கு 60×60×120 செ.மீ. வலைக்கூண்டு வேண்டும். கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் வீட்டுக் காற்றை உலர்த்திவிடும் என்பதால், கூண்டின் மூன்று பக்கத்தைத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் மறைத்துக்கொள்ளலாம். உள்ளே மணி பிளான்ட், செம்பருத்தி வையுங்கள். பச்சோந்தி இலையைக் கடித்துத் தின்னும் என்பதால் பூச்சிமருந்து அடித்த செடி வேண்டாம். காலையில் விளக்கு எரியும் முன்னும் இரவு அணைந்த பின்னும் இரண்டு நிமிடம் பனித்தூறல் விடுங்கள். பகலில் இலை காய்ந்துவிட வேண்டும். நாள் முழுக்க ஈரமாகவும் காற்றோட்டம் இல்லாமலும் இருந்தால் நுரையீரலில் தொற்று வரும். தண்ணீர் போதுகிறதா என்பதை எச்சத்தில் பாருங்கள்: வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் சரி, ஆரஞ்சு நிறமானால் போதவில்லை.

கேள்வி: டி3 கலந்த கால்சியம் பொடியைத் தினமும் தூவச் சொல்லி விற்றார்கள். சரியா?

பதில்: யூவிபி விளக்கு இருக்கும் வீட்டில் தினமும் டி3 கூடாது. அது கொழுப்பில் தேங்கும் வைட்டமின். மிஞ்சினால் கழுத்து வீங்கும், உள்ளுறுப்பில் சுண்ணாம்பு படியும். டி3 இல்லாத கால்சியம் டப்பா ஒன்று தனியாக வாங்குங்கள். ஒரு கோப்பையில் நாலைந்து சுவர்க்கோழிகளைப் போட்டு, ஒரு சிட்டிகை பொடி தூவி, குலுக்கிக் கொடுங்கள். இது ஒவ்வொரு வேளைக்கும். டி3 உள்ள மல்ட்டிவைட்டமின் மாதம் இரண்டு முறை போதும். பூச்சிக்கும் முதல் நாளே கீரை, கேரட் கொடுத்து வயிறு நிரப்பியிருக்க வேண்டும். பச்சோந்தியின் இரு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு. வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து.

கேள்வி: பெண் குட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதன்முறை வளர்ப்பவர் ஆணையே வாங்குங்கள். வெய்ல்ட் பெண் ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். அதற்கு ஓர் அடி ஆழ ஈர மணல் தொட்டி வேண்டும். தோண்டிய குழி இடியாத அளவுக்கு ஈரம். இடம் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கினால் செத்துப்போகும், இல்லையேல் அறுவை சிகிச்சை. மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். ஆண் பெண் பார்ப்பது எளிது: ஆண் குட்டியின் பின்கால் குதியில் பிறந்ததிலிருந்தே ஒரு சிறு முள் துருத்தி நிற்கும். மூன்று மாதம் தாண்டிய, கூண்டிலேயே பிறந்த குட்டியாகக் கேளுங்கள். பகலில் கண்ணை மூடியிருப்பதையும் கண் குழிந்திருப்பதையும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: மதுரைப் பக்கம் ஒருவர் காட்டில் பிடித்த பச்சோந்தியை விற்கிறார். வாங்கினால் தவறா?

பதில்: குற்றம். நம் ஊர்ப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது; பிடிப்பது, விற்பது, வீட்டில் வைப்பது எதற்கும் அனுமதியில்லை. வெய்ல்ட் போன்ற வெளிநாட்டு இனம் சைட்டிஸ் (CITES) என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், இந்தியாவில் 2024 விதிகளின்படி பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு வேண்டும். விற்பவர் பதிவுத்தாளைக் காட்டாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும் பச்சோந்தியைப் பார்த்தால் ஒரு குச்சியில் ஏற்றி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்து மரத்தில் விடுங்கள். அதற்கு விஷம் கிடையாது.