போருக்குப் போய் வந்து நீதிபதியானவர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்?

எனக்கு ஒரே பெயர்தான், ஃபிராங்க் ஜான்சன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் 1955-லிருந்து ஃபெடரல் நீதிபதியாக, அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். ரோசா பார்க்ஸையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் நமக்கெல்லாம் தெரியும், ஆனால் அவர்கள் கேட்ட நியாயத்தைத் தீர்ப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டவரை நம் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அட்லாண்டாவில் வேலை பார்த்தபோது ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மான்ட்கோமரி போனேன். அங்கே பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம் இப்போது ஒரு சின்ன மியூசியம். அதன் சுவரில் ஓரிடத்தில் கதவு அளவுக்குச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கறுப்பினத்தவர் வந்துபோக ஒதுக்கியிருந்த வாசல் அது. 1961 மே 20 அன்று, பேருந்துப் பயணத்தில் இனம் பார்த்துப் பிரிப்பதை எதிர்த்துப் புறப்பட்ட ஃப்ரீடம் ரைடர்ஸ் என்ற இளைஞர்கள், கறுப்பரும் வெள்ளையருமாக, ஒரே பேருந்தில் வந்து அங்கே இறங்க, காத்திருந்த கும்பல் அடித்து நொறுக்கியது. போலீஸ் வரவில்லை. அந்த நிலையத்தை ஒட்டினாற்போல நிற்பது ஃபெடரல் நீதிமன்றம், இன்று அந்தக் கட்டடத்துக்கு ஜான்சன் பெயர்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்துதான் அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார் என்பது நேரில் நின்று பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

பிறந்தது 1918-ல், அலபாமாவின் வடக்கே மலைப்பாங்கான வின்ஸ்டன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). உள்நாட்டுப் போரின்போது அலபாமா நாட்டை விட்டுப் பிரிந்ததை அந்தக் கவுண்டி ஏற்கவில்லை, ஊரோடு ஒட்டாமல் நிற்பது அந்த மண்ணில் பழக்கம். 1943-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். உடன் படித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் வாலஸ், அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர், காலாட்படை, நார்மண்டி. பிரான்சில் இரண்டு முறை காயம்பட்டார், பர்ப்பிள் ஹார்ட், வெண்கல நட்சத்திரம் (Bronze Star) என்ற பதக்கங்கள் வாங்கினார்.

போர் என்றதும் எல்லோரும் நார்மண்டியைத்தான் சொல்வார்கள், என்னைக் கேட்டால் ஜான்சனைப் புரிந்துகொள்ள முக்கியமான இடம் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட். அங்கே அமெரிக்க ராணுவத்துக்கென்று ஒரு சிறை முகாம். விடுப்பில்லாமல் போன சொந்தச் சிப்பாய்களையே அதில் அடைத்து, காவலர்கள் தடியால் அடித்துக் கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் ராணுவம் அந்தக் காவலர்கள்மேல் வழக்குப் போட்டது. காயத்துக்குப் பிறகு சட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த ஜான்சன் அவர்களுக்காக வாதாடினார். அடித்தது தப்புதான், ஆனால் அடிக்கச் சொன்னது யார் என்பதுதான் வாதம். கடைசியில் முகாமின் தலைவராக இருந்த கர்னலும் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி ஆனார், தண்டனை என்னவோ வெறும் அபராதமும் கண்டனமும். கதவைப் பூட்டி உள்ளே என்ன நடந்தாலும் அதற்கு மேலே இருக்கிறவன் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு அங்கேதான் ஊறியது என்று நான் நம்புகிறேன்.

ஊருக்குத் திரும்பி வக்கீல் வேலை, பிறகு அரசு வழக்கறிஞர். 1955-ல் ஜனாதிபதி ஐசனோவர் அவரை நீதிபதியாக நியமித்தார், பதவியேற்றபோது வயது 37. பதவிக்கு வந்த சில வாரங்களில், டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது. அதை எதிர்த்துக் கறுப்பினத்தவரின் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஆரேலியா பிரவுடர், கிளாடெட் கோல்வின் உள்ளிட்ட நான்கு கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு வந்தது. 1956 ஜூனில் ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்ஸும் சேர்ந்து, பேருந்தில் இனம் பார்த்து உட்காரவைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள், மூன்றாமவர் உடன்படவில்லை. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகே 381 நாள் புறக்கணிப்பு முடிவுக்கு வந்தது.

அவர் புனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். டஸ்கீகி நகரின் எல்லையைக் கறுப்பின வாக்காளர்கள் வெளியே போகும்படி 28 பக்கங்கள் கொண்ட கோணல்மாணலான உருவமாக மாற்றி வரைந்தார்கள், அந்த வழக்கை இவர் தள்ளுபடிதான் செய்தார். 1960-ல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. ஃப்ரீடம் ரைடர்ஸ் விஷயத்திலும் வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானுக்குத் தடை போட்ட கையோடு அந்தப் பயணங்களுக்கும் தற்காலிகத் தடை போட்டார். அடிபட்டவர்களுக்கு எப்படி வலித்திருக்கும்! எனக்கு இன்றும் அது நெருடுகிறது.

இப்போது வாலஸ். 1959 ஜனவரியில் அவர் மாநில நீதிபதி, வாக்காளர் பதிவேடுகளை மத்திய அரசின் சிவில் உரிமை ஆணையத்திடம் தர மறுத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். தராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு என்று ஜான்சன் சொல்லிவிட்டார். ஒருநாள் ராத்திரி நேரம் கழித்து பழைய சகமாணவர் இவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கொஞ்ச நாள் மட்டும் உள்ளே போடு, அரசியலில் எனக்கு உதவும் என்று கேட்டாராம், போட்டால் பலமாகத்தான் போடுவேன் என்று இவர் சொன்னாராம், இதைப் பின்னாளில் ஜான்சனே சொன்னார். வாலஸ் பதிவேடுகளைச் சுற்றுவழியில் கொடுத்துவிட்டு, பணியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். பிறகு கவர்னரும் ஆனார்.

1965-ல் அலபாமாவின் செல்மா நகரம். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக மார்ச் 7 அன்று பாலத்தில் ஊர்வலம் போனவர்களை மாநிலப் போலீஸ் அடித்த படச்சுருளை ஜான்சனின் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள், சில நிமிடப் படம்தான், முடிந்ததும் அவர் விசாரணையை நிறுத்திவிட்டு எழுந்து அறைக்குப் போனார். மார்ச் 17 அன்று ஊர்வலத்துக்கு அனுமதி தந்தார். எதிர்க்கப்படும் அநீதி எவ்வளவு பெரியதோ, எதிர்க்கும் உரிமையும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும், இங்கே அநீதி மிகப் பெரியது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதே உத்தரவில் சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் போகக் கூடாது என்றும் எழுதினார், அதுவும் அவர்தான்.

இதற்கெல்லாம் கொடுத்த விலை லேசானதல்ல. வீட்டு முற்றத்தில் சிலுவை எரித்தார்கள், வருடக்கணக்கில் மார்ஷல்கள் என்ற ஃபெடரல் காவலர்கள் காவல் நின்றார்கள். 1967-ல் அவர் தாயின் வீட்டில் குண்டு வைத்தார்கள், நல்லவேளை அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே மகன், தத்தெடுத்து வளர்த்த பிள்ளை, 1975-ல் தற்கொலை செய்துகொண்டான். அடுத்த ஜனவரியில் இந்த மனிதர் அலபாமா சிறைகளைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்.

டிரேப்பர் சிறையில் தண்டனைக் கொட்டடிக்கு நாய்க்கூண்டு என்று பெயர். நாலடிக்கு எட்டடி அறை, அதில் ஆறு பேர் வரை. கட்டில் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, மலம் கழிக்கத் தரையில் ஒரு ஓட்டை. அப்படி அடைக்கக் கூடாது, தனி அறையில் ஆளுக்குக் குறைந்தது 60 சதுர அடி வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குச் சில வருடம் முன்பு பிரைஸ் மனநல மருத்துவமனை வழக்கு, 5000 பேருக்கு மேல் அடைந்து கிடந்த இடம், ஒரு நோயாளியின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 50 சென்ட் கூடச் செலவழிக்கவில்லை. சிகிச்சை தராமல் ஒருவரைக் கட்டாயமாக அடைத்துவைக்க முடியாது என்றார். காசில்லை என்று மாநிலம் சொன்னதை அவர் ஏற்கவே இல்லை. லிச்ஃபீல்டில் கேட்ட அதே கேள்விதானே இது?

1977-ல் ஜனாதிபதி கார்ட்டர் அவரை எஃப்பிஐ தலைவராக்கப் பார்த்தார், உடல்நிலையால் நடக்கவில்லை. 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1999 ஜூலையில், அத்தனை பேர் வெறுத்த அதே மான்ட்கோமரியில்தான் காலமானார், ஊரை விட்டுப் போகவில்லை.

மேலே சொன்ன சிறைத் தீர்ப்பு இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது, வழக்கின் பெயர் பியூ எதிர் லாக். சட்ட மொழி பயமுறுத்தினால் அந்த நாலடி எட்டடி அறை வரும் பத்தியை மட்டும் முதலில் தேடிப் படியுங்கள்.