அக்வா ஹைபிரிட் பற்றரி: இரண்டு செல்லா, முழுப் பெட்டியா?

கேள்வி: என்னிடம் 2014 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா இருக்கிறது. வேலைக்காகத் தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய் வருகிறேன். முன்பு லீற்றருக்கு 21 கிலோமீற்றர் ஓடிய கார் இப்போது 16 ஐத் தாண்டவில்லை. பின் சீற்றுக்குக் கீழே விசிறிச் சத்தம் பலமாகக் கேட்கிறது. போன கிழமை டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காரை நிறுத்தி மறுபடி எடுத்தபோது மறைந்துவிட்டது. ஒரு கராஜில் பற்றரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் இரண்டு செல் மாற்றினால் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் இல்லை: இரண்டு கராஜிலும் யாராவது பற்றரியை அளந்து பார்த்தார்களா என்பது. விசிறிச் சத்தமும் எரிபொருள் செலவும் தூசி அடைத்த காற்று வழியாலும் வரலாம், தளர்ந்த செல்லாலும் வரலாம். முதலாவதைச் சரிசெய்ய ஒரு மணித்தியாலம் போதும். அதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவதும் சீக்கிரம் வரும் என்பதும் உண்மை. ஆகவே புதுப் பற்றரி போட்டாலும் காற்று வழியைத் துப்புரவாக்காமல் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

அக்வாவின் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. ஒவ்வொன்றும் 7.2 வோல்ற் கொண்ட 20 மாட்யூல்கள் தொடராக இணைக்கப்பட்டு 144 வோல்ற் தருகின்றன. நம்மூர் கராஜ்களில் 'செல்' என்று சொல்வது இந்த மாட்யூலைத்தான். உண்மையில் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஆறு செல்கள் உண்டு. இந்தப் பெட்டியைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, தனி ஏசியும் கிடையாது. காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சிறிய விசிறி இழுத்து மாட்யூல்களுக்கு இடையே தள்ளுகிறது, அவ்வளவுதான். நீங்கள் இருக்கும் இடம் சூடாக இருந்தால் பற்றரியும் சூடாக இருக்கும்.

முதலில் அந்தக் காற்று வாயைப் பாருங்கள். பின் சீற்றின் அடிப்பாகத்தில் கதவோரமாகச் சிறு கீற்றுகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் மூடி இருக்கும். பல கார்களில் வெளியில் தைத்துப் போட்ட சீற் கவர் இதை முழுதாக மூடியிருக்கும். இல்லாவிட்டால் பிள்ளைகளின் புத்தகப் பை, சந்தையில் வாங்கிய அரிசி மூட்டை, தலையணை என்று ஏதாவது அதன் வாயில் சாய்ந்திருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படை தெரியலாம். உடுப்பு நூல், தலைமயிர், செம்மண் தூசி எல்லாம் சேர்ந்த படை அது. அதை வாக்குவம் கிளீனரால் வெளிப்பக்கமாக இழுத்தெடுங்கள். காற்று அமுக்கி வைத்து உள்ளே ஊதிவிடாதீர்கள். ஊதினால் தூசி மாட்யூல்களுக்கு இடையில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு பெட்டியைப் பிரித்தால்தான் எடுக்கலாம்.

மூடியைக் கழற்றித் தூசி எடுப்பது வரை நீங்களே செய்யலாம். விசிறியைக் கழற்றும் வேலையை ஹைபிரிட் தெரிந்த கராஜிடம் விடுங்கள். விசிறியின் இதழ்களுக்கு இடையே தூசி அப்பிப் பிடித்திருந்தால் அது எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றை நகர்த்தாது. உங்களுக்குக் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அதுதான்: பற்றரி ஆறவில்லை என்று கணினி விசிறியை உச்ச வேகத்துக்கு ஏற்றுகிறது, காற்றோ போவதில்லை. சூடு 45 பாகையைத் தாண்டிப் போகும்போது கணினி பற்றரியிடமிருந்து வாங்குவதையும் அதற்குக் கொடுப்பதையும் குறைத்துவிடும். அந்தச் சுமை எஞ்சினின் தலையில் விழும். உங்கள் 21 கிலோமீற்றர் 16 ஆவதற்கு இதுவே போதுமான காரணம்.

அடுத்தது 12 வோல்ற் பற்றரி. அக்வாவில் இதுவும் பின் சீற்றுக்குக் கீழேதான். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவு திறந்து சிறிது நேரம் கழித்து அளந்தால் 12.5 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2 க்குக் கீழே இருந்தால் அது தளர்ந்துவிட்டது. கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியும்போது 14 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். இந்தச் சின்னப் பற்றரி தளர்ந்தால் கணினிகள் குழம்பும், தொடர்பில்லாத விளக்குகள் எல்லாம் எரியும். அதைப் பார்த்துப் பெரிய பற்றரிக்குக் காசு கொடுத்தவர்கள் பலர். மாற்றும்போது வாயுக் குழாய் பொருத்தக்கூடிய, அசிட் கசியாதபடி அடைத்த ஏஜிஎம் (AGM) வகையையே போடுங்கள். மலிவென்று சாதாரண அசிட் பற்றரியை வைத்தால் அதன் ஆவி காருக்குள்ளேயே, பெரிய பற்றரியின் பக்கத்திலேயே நிற்கும்.

இவ்விரண்டும் முடிந்த பிறகு, காரின் கணினியில் உள்ள பதிவுகளை வாசிக்கும் ஸ்கானர். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: முக்கோணத்தை அணைக்க 12 வோல்ற் பற்றரியின் வயரைக் கழற்றி மாட்டாதீர்கள். பழுது வந்த கணத்தில் பற்றரியின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, வோல்ற் எவ்வளவு என்ற பதிவு கணினியில் இருக்கிறது, வயரைக் கழற்றினால் அது அழிந்துபோகலாம். மருத்துவரிடம் போகமுன் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கிழிக்கிற மாதிரி அது.

ஸ்கானரில் வரும் பழுதுக் குறியீடு, அதாவது கோட், பி0ஏ80 (P0A80) என்றால் பற்றரியின் பாகங்களுக்கு இடையே வேறுபாடு எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். பி0ஏஏ6 (P0AA6) என்றால் உயர் அழுத்த மின்சாரம் எங்கோ காரின் உலோக உடலுக்குக் கசிகிறது. அந்தக் கார் நேராகக் கராஜுக்குத்தான், இடையில் யாரும் சீற்றைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. ஆனால் கோட்டை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் கராஜில் நின்று மினக்கெடாதீர்கள். ஓடும்போது எடுத்த அளவுகள் வேண்டும்.

மெக்கானிக்கை உங்கள் பக்கத்தில் ஸ்கானருடன் இருத்திக்கொண்டு ஏ9 வீதியில் ஒரு வெறுமையான நீட்டில் ஓட்டுங்கள். கணினி மாட்யூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அளக்கிறது. ஓய்வில் எல்லாச் சோடிகளும் ஏறக்குறைய ஒரே வோல்ற் காட்ட வேண்டும், 0.1, 0.2 வேறுபாடு பரவாயில்லை. இப்போது 40 இலிருந்து 80 வரை அழுத்தி மிதியுங்கள். பின்பு பிறேக்கை மெதுவாக, நீளமாகப் பிடியுங்கள். நல்ல பற்றரியில் எல்லா எண்களும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறும். தளர்ந்த சோடி மிதிக்கும்போது மற்றவற்றுக்குக் கீழே விழும், பிறேக் பிடிக்கும்போது மற்றவற்றுக்கு மேலே பாயும். இரண்டு பக்கமும் தனித்துத் தெரிவதுதான் அடையாளம். சுமையில் வேறுபாடு 1 வோல்ற்றைத் தாண்டுகிறது என்றால் அந்தச் சோடியில் நோய் இருக்கிறது. டாஷ்போர்ட் திரையிலும் இதன் நிழல் தெரியும்: பற்றரியின் அளவைக் காட்டும் கட்டைகள் சில நிமிடத்தில் நிரம்பி, சில நிமிடத்தில் வடிந்துவிடும்.

மிதிக்கும்போது மட்டும் விழுகிறது, ஓய்வில் சரியாக இருக்கிறது என்றால் மாட்யூலைக் குற்றம் சொல்லமுன் அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பு பிடித்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை ஏறிவிடும். கரையோர ஈரக் காற்றில் ஓடும் கார்களுக்கு இது கூடுதலாக வரும். உங்களுடைய கார் தினமும் இரண்டு தரம் உப்பு நீரேரியோரமான ஆனையிறவைக் கடக்கிறது. தகடுகளைச் சுத்தமாக்கிப் பூட்டும்போது நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றருக்குத்தான் இறுக்க வேண்டும். கைப்பலத்தில் இறுக்கினால் மாட்யூலின் திருகு முறிந்துபோகும்.

சரி, சோடி ஒன்று உண்மையிலேயே போய்விட்டது என்று வைப்போம். இரண்டு செல் மாற்றலாமா? உங்களைப்போலத் தினமும் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்கு என் பதில்: வேண்டாம். தொடர் இணைப்பில் 20 மாட்யூலிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றின் கொள்ளளவும் 6.5 ஆம்பியர் மணி. பத்து வருடம் தாண்டிய பெட்டியில் எல்லாமே மெலிந்திருக்கும். மோசமான இரண்டை எடுத்துவிட்டுக் கொழுத்த இரண்டை வைத்தால், அடுத்த இடத்தில் நின்ற நோஞ்சான் முதலிடத்துக்கு வந்துவிடும். மற்றவை பாதி வடியமுன் அது காலியாகி, காலியான பின்னும் மின்னோட்டம் தள்ளப்பட்டுச் சூடேறிச் சாகும். நடுவில் இருக்கும் மாட்யூல்கள் ஓரத்தில் இருப்பவற்றைவிடக் கூடச் சூடாவதால், போவதும் பெரும்பாலும் நடுவிலிருந்துதான். சில மாதத்துக்கு ஒரு தரம் சீற்றைக் கழற்றும் வாழ்க்கை அப்போது தொடங்கும்.

செல் மாற்றுவது சரியாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பெட்டியை வெளியே எடுத்து 20 மாட்யூலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிக் கொள்ளளவை அளந்து, அதே அளவுள்ள பழைய மாட்யூலைத் தேடிப் போடுவார்கள் என்றால் செய்யலாம். இதற்கு நாட்கள் எடுக்கும். 'பின்னேரம் வாருங்கள், முடிந்துவிடும்' என்று சொல்பவர் அளக்கப்போவதில்லை.

முழுப் பெட்டி மாற்றுவதாக முடிவானால் எது தருகிறார்கள் என்று கேளுங்கள், ஏனென்றால் 'புதுப் பற்றரி' என்ற ஒரே பெயரில் மூன்று பொருள் விற்கிறது. புதிய மாட்யூல்கள் போட்டது ஒன்று. யப்பானில் உடைத்த காரிலிருந்து கழற்றியது இன்னொன்று. பல பழைய பெட்டிகளில் தேறிய மாட்யூல்களைப் பொறுக்கிக் கட்டியது மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் மோசம் என்று சொல்லமாட்டேன், விலை அதற்கேற்ப இருந்தால். ஆனால் தயாரித்த காலம், 20 மாட்யூலின் அளவுத் தாள், எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீற்றர் உத்தரவாதம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதத்தில் 'செல் மட்டும் மாற்றித் தரப்படும்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன அதே வட்டத்துக்குத்தான் திரும்ப வருவீர்கள். பெட்டி வெளியே வந்த நாளிலேயே விசிறியையும் காற்றுக் குழாயையும் கழுவிப் பூட்டச் சொல்லுங்கள்.

எரிபொருள் செலவுக்குப் பற்றரியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. ரயர் காற்றுக் குறைந்திருக்கலாம். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 ஒயில் வேண்டும், வடிகட்டியோடு 3.7 லீற்றர், கையில் இருந்த தடித்த ஒயிலை ஊற்றியிருந்தால் அதுவே கொஞ்சம் தின்னும். சக்கரம் ஏதாவது பிறேக்கில் உரசுகிறதா என்று ஓட்டம் முடிந்தவுடன் நான்கில் எது கூடச் சூடு என்று கவனமாகத் தொட்டுப் பார்த்தால் தெரியும். பொனற்றுக்குள், பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கென்று தனியான கூலன்ற் போத்தல் இருக்கிறது. ரெடி விளக்கு எரியும்போது அதன் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் அசைய வேண்டும். அசையாவிட்டால் பம்ப் நின்றுவிட்டது. அதை உடனே கவனியுங்கள்.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டைச் சொல்கிறேன். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதல் இரண்டு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு ஏசியைப் போடுங்கள். பெற்றோல் மிச்சம் என்று ஏசியை நிறுத்தி ஓடுவது ஹைபிரிட்டில் தப்புக் கணக்கு: பற்றரி சுவாசிப்பதும் அந்தக் காற்றைத்தான். அடுத்தது, கடவையில் ரயிலுக்காக நிற்கும்போது கியரை 'என்' (N, நியூட்ரல்) இல் போடாதீர்கள். 'என்' இல் எஞ்சின் ஓடினாலும் பற்றரி ஏறாது, ஏசியோ அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறேக்கை மிதித்தபடி 'டி' இலேயே நில்லுங்கள், நீண்ட நேரமென்றால் 'பி' (P). தமிழில் 'பி' என்றே ஒலிக்கும் இரண்டு எழுத்து அக்வாவில் இருப்பதும் குழப்பம்தான்: P காரை நிறுத்தி வைக்க, 'டி' க்குக் கீழே உள்ள B எஞ்சினால் வேகத்தை மட்டுப்படுத்த. ஹப்புத்தளை மலைப்பாதையில் இறங்கும்போது B உதவும், யாழ்ப்பாணத்தின் தட்டை நிலத்தில் அதற்கு வேலை இல்லை.

கராஜுக்குப் போகும்வரை கிளிநொச்சி ஓட்டத்தை நிறுத்தி, பஸ்ஸில் போய் வாருங்கள். முக்கோணம் மறுபடி எரிந்தால் ஓரமாக நிறுத்தி, திரையில் வரும் எழுத்தைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கார் ரெடியாகி நகர்ந்தால் மெதுவாகப் பக்கத்துக் கராஜ் வரை போகலாம். தாங்கியில் கால்வாசிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்கட்டும். 2022 எரிபொருள் வரிசைகளில் நடந்ததுபோல, பெற்றோல் தீர்ந்த பின்னும் பற்றரியை நம்பி நகர்த்தினால் அது அடிவரை வடிந்துவிடும். அதன்பின் எஞ்சினைச் சுழற்ற இந்தக் காரில் வேறு ஸ்ராட்டர் கிடையாது. 12 வோல்ற் வயர் போட்டு எழுப்பவும் முடியாது. அதற்கான தனிச் சார்ஜர் வைத்திருக்கும் கராஜைத் தேடி, காரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.