டக்ட் திரும்பும் இடத்தில் ரெவிட் ஏன் நிற்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிண்டியில் ஒரு ஏ.சி. கன்சல்டன்ட் ஆபீஸில் ரெவிட் (கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) மாடலிங் செய்கிறேன். 600க்கு 300 மி.மீ. சப்ளை டக்டை (குளிர்ந்த காற்று போகும் குழாயை) திருப்பும்போது ‘நோ ஆட்டோ-ரூட் சொல்யூஷன் வாஸ் ஃபவுண்ட்’ (தானாக வழி கிடைக்கவில்லை) என்று வந்து நின்றுவிடுகிறது. மைட்டர்டு எல்போவுக்கு (கூர்மையான மூலையாகத் திரும்பும் துண்டுக்கு) மாற்றினால் ஒழுங்காக வரைகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, ஆதம்பாக்கம்

விட்டுவிடாதீர்கள். அந்தச் செய்தி வந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: அந்த டக்ட் டைப்பின் ரூட்டிங் பிரிஃபரன்ஸஸில் (எங்கே எந்தத் துண்டு வர வேண்டும் என்ற பட்டியலில்) தேவையான ஃபிட்டிங் (இணைப்புத் துண்டு) இல்லை, அல்லது இருக்கிற ஃபிட்டிங் உட்கார இடம் போதவில்லை. மைட்டர்டு போட்டதும் வரைகிறது என்றால் உங்களுக்கு இரண்டாவது பிரச்சினை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடியஸ் எல்போவில் (வளைந்து திரும்பும் துண்டில்) 1.5 டபிள்யூ டைப் என்றால் வளைவின் நடுக்கோட்டு ஆரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 600க்கு 900 மி.மீ. 90 டிகிரி திருப்பத்தில் மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 900 மி.மீ. எல்போவுக்கே போய்விடும், அந்த நீளத்துக்குள் அடுத்த டீயோ (கிளை பிரியும் துண்டு) ஒரு டிரான்ஸிஷனோ (அளவு மாறும் துண்டு) வந்தால் ரெவிட்டால் எதையும் செய்ய முடியாது. மைட்டர்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இடமே போதும், அதனால் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் வேன் (காற்றைத் திருப்பிவிடும் உள் தகடு) இல்லாத கூர்மையான மூலையில் காற்று மோதித் திரும்பும்போது பிரஷர் இழப்பு நல்ல ரேடியஸ் எல்போவைவிடப் பல மடங்கு அதிகம். அப்படி நாலைந்து சேர்ந்தால் ஃபேன் ஸ்டாட்டிக் (ஃபேன் தரும் அழுத்தம்) போதாமல், கடைசி டிஃப்யூசரில் (காற்று அறைக்குள் வரும் வாயில்) போதிய காற்று வராது.

முதலில் அடுத்த டீயைக் கொஞ்சம் தள்ள முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் 1.0 டபிள்யூ டைப், அதற்கு 600 மி.மீ. போதும். அதுவும் நுழையாத இடத்தில் மட்டும் மைட்டர்டு, அதையும் டர்னிங் வேன் உள்ளதாகப் போட்டு ஷாப் டிராயிங்கில் (தயாரிப்புக்கான வரைபடத்தில்) எழுதுங்கள். எழுதாமல் விட்டால் ஃபேப்ரிகேஷன் செய்கிறவர் வேன் வைக்க மாட்டார், அவர்மேல் குற்றமும் இல்லை.

இன்னொன்று: அதே டக்ட் பக்கவாட்டில் திரும்பாமல் கீழே இறங்கினால் வளைவின் தளத்தில் இருப்பது 600 அல்ல, 300. அப்போது 1.5க்கு 450 மி.மீ. போதும்.

டீ வர வேண்டிய இடத்தில் எல்லாம் டேப் (மெயின் டக்டின் பக்கத்தில் நேரே ஒட்டும் கிளை இணைப்பு) வருகிறது. எங்கே மாற்றுவது?
– வாசகர், மடிப்பாக்கம்

எடிட் டைப், ரூட்டிங் பிரிஃபரன்ஸஸ், அதில் ஜங்ஷன் பகுதியில் ‘பிரிஃபர்டு ஜங்ஷன் டைப்’. அங்கே டீ என்று மாற்றுங்கள். ஏற்கெனவே வரைந்தவை தானாக மாறாது, அவற்றைத் தேர்ந்தெடுத்து ‘ரீஅப்ளை டைப்’ கொடுக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் டீயாக்காதீர்கள். பெரிய மெயினிலிருந்து சின்னக் கிளை போகும் இடத்தில் 45 டிகிரி ஷூ (சரிவான வாய்) வைத்த டேப்தான் சரி, சைட்டிலும் அதைத்தான் செய்வார்கள். மெயினும் கிளையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் இடத்துக்கு டீ.

ஷூ காலர் ஃபேமிலியை (ஷூ வைத்த டேப்புக்கான ரெவிட் மாதிரியை) நானே செய்தேன். ரூட்டிங் பிரிஃபரன்ஸஸ் பட்டியலில் வரவில்லை. கையால் வைத்து ஒரு கிளையின் அளவை மாற்றினால் எல்லாக் கிளைகளும் மாறுகின்றன.
– வாசகர், அம்பத்தூர்

இரண்டும் தனித்தனிக் கோளாறு. பட்டியலில் வராததற்குக் காரணம் பார்ட் டைப். ஃபேமிலி கேட்டகரி டக்ட் ஃபிட்டிங்ஸ் என்று இருந்தால் மட்டும் போதாது, அதே பெட்டியில் கீழே பார்ட் டைப்பில் டேப் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாம் ஒன்றாக மாறுகின்றன என்றால் அகலம், உயரம் பாராமீட்டர்களை டைப்பாக (எல்லாவற்றுக்கும் பொதுவாக) வைத்திருக்கிறீர்கள். இன்ஸ்டன்ஸாக (ஒவ்வொன்றுக்கும் தனியாக) மாற்றுங்கள். அப்புறம் கனெக்டரை (டக்டோடு சேரும் முனையை) கிளிக் செய்து, அதன் அகலம், உயரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி இந்தப் பாராமீட்டர்களோடு இணையுங்கள். இந்த இணைப்பு விட்டுப்போனால் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் டக்ட் அளவு மாறும்போது காலர் அப்படியே நிற்கும். பிராஜெக்டில் ஏற்றும் முன் ஃபேமிலிக்குள்ளேயே அளவை 150, 400, 900 என்று மாற்றி மாற்றி, உடைகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை எல்போ, டீ, டிரான்ஸிஷன் செய்யும்போது வெறும் டெம்ப்ளேட்டில் தொடங்காதீர்கள், இவற்றுக்கென்றே ரெவிட்டில் டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன.

கிளாஷ் டெஸ்ட்டில் (மாடலில் எதுவும் ஒன்றோடொன்று மோதுகிறதா என்ற சோதனையில்) ஒன்றுமே இல்லை. ஓ.எம்.ஆர். சைட்டில் பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே டக்ட் நுழையவில்லை என்கிறார்கள். எப்படி?
– வாசகர், சோழிங்கநல்லூர்

மாடலில் 300 உயர டக்ட் சைட்டில் 300 இல்லை. 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் சுற்றினால் 350 ஆகிவிடும். டக்ட் துண்டுகள் சேரும் ஃபிளாஞ்சு 25, 35 மி.மீ. வெளியே நீட்டியிருக்கும், அதை யாரும் மாடல் செய்வதில்லை. பல மாடல்களில் இன்சுலேஷனை நேர் டக்டுக்கு மட்டும் போட்டு எல்போவையும் டிரான்ஸிஷனையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு துண்டின் மேல் கர்சரை வைத்து கீபோர்டில் டேப் (Tab) விசையை அழுத்தி முழு வரிசையையும் தேர்ந்தெடுத்துப் போட்டால் ஃபிட்டிங்குகளும் சேர்ந்துவிடும். நேவிஸ்வொர்க்ஸில் (கிளாஷ் பார்க்கும் மென்பொருளில்) டெஸ்ட் ஓட்டும்போது இன்சுலேஷனையும் தேர்வில் சேருங்கள்.

நம் ஊரில் இதில் அலட்சியம் கூடாது. சென்னையில் வெளிக்காற்றின் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலை) வருஷத்தில் பல மாதம் 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது, சப்ளை காற்றோ 13, 14 டிகிரி. இன்சுலேஷன் விட்டுப்போன ஒரு எல்போ போதும், தண்ணீர் சொட்டி சீலிங் டைல் கறையாகிவிடும்.

பீமுக்குக் கீழே அளவு குறையும் இடத்தில் டிரான்ஸிஷன் நடுக்கோட்டிலேயே சுருங்கினால் மேலே இடம் வீணாகும். டக்டைத் தேர்ந்தெடுத்து ஜஸ்டிஃபையில் ‘டாப்’ கொடுத்தால் மேல்பக்கம் தட்டையாக நின்று கீழ்ப்பக்கம் மட்டும் ஏறும். 400 டக்ட் 250 ஆகும் இடத்தில், குறைந்த 150 மி.மீ. முழுவதும் கீழே கிடைக்கும்.