மூணாவது ஆர்டர் போட்டதும் சிக்மா-டெல்டா மாடுலேட்டர் எகிறுதா? ஃபில்டரோட போலை பாருங்க

கேள்வி: ஒன்-பிட் சிக்மா-டெல்டா ஏடிசி (அனலாக் சிக்னலை வேகமான 1, 0 வரிசையா மாத்தற சர்க்யூட்), 20 கிலோஹெர்ட்ஸ் பேண்ட், 64 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (தேவையை விட அத்தனை மடங்கு வேகமா சாம்பிள் எடுக்கறது). ரெண்டாவது ஆர்டர்ல, அதாவது லூப்ல ரெண்டு இன்டக்ரேட்டரோட, நல்லா ஓடிச்சு. சிக்னல்-டு-நாய்ஸ் ஃபார்முலா 113 டிபி காட்டுதேன்னு இன்னொரு இன்டக்ரேட்டர் சேர்த்தா, அவுட்புட்ல நீளமா 1, அப்புறம் நீளமா 0ன்னு மாறி மாறி வருது. எங்க தப்பு?

பதில்: கோட்ல பக் தேடாதீங்க, லூப் ஸ்டெபிலிட்டி போயிடுச்சு, நீங்க சொன்ன அந்த நீள நீள 1ம் 0வும்தான் அதுக்கு அடையாளம். சும்மா மூணு இன்டக்ரேட்டரை அடுக்கினா குவான்டைசரோட (சிக்னலை 1ஆ 0வான்னு முடிவு பண்ற பகுதி) எரர் 1, -3, 3, -1ன்னு பெருகி வரும், அதாவது ஹை ஃப்ரீக்வென்சில நாய்ஸுக்கு 8 மடங்கு கெயின். பாவம் குவான்டைசர், உள்ள எவ்ளோ வந்தாலும் அதால ±1 (அதாவது உங்க 1, 0) தான் குடுக்க முடியும், அதனால அதோட கெயின் குறையுது, குறைஞ்சா மூணாவது ஆர்டர் லூப் இன்னும் மோசமாகுது, அப்படியே எகிறிக்கிட்டே போகும்.

அந்த 8ஐ 1.5க்கு இறக்கணும். ஒன்-பிட்டுக்கு எல்லாரும் வச்சுக்கற அளவு அதுதான், கேரண்டி கிடையாது, ஆனா நல்ல ஆரம்பம். ஃபீட்பேக் கோஎஃபிஷியன்ட்ஸை மாத்தி, நாய்ஸ் கடந்து வர்ற ஃபில்டரோட போல் (அந்த ஃபில்டர் ஃபார்முலாவோட கீழ்ப்பகுதி பூஜ்யமாகற இடம்) ஒண்ணை 0.6694லயும், ஒரு ஜோடியை ரியல் 0.7652, இமேஜினரி ±0.2795லயும் வைங்க, சரியா 1.5 வரும்.

இதுக்கு விலை உண்டு, பேண்டுக்குள்ள நாய்ஸ் கிட்டத்தட்ட 27 டிபி ஏறும். 8 டிபிய திருப்பி வாங்கலாம்: மூணாவது இன்டக்ரேட்டர்லருந்து ரெண்டாவதுக்கு சின்னதா ஒரு ஃபீட்பேக் குடுத்து ரெண்டு ஜீரோவை (நாய்ஸ் முழுசா அடங்கற ஃப்ரீக்வென்சி) டிசியிலருந்து, அதாவது 0 ஹெர்ட்ஸ்லருந்து, பேண்ட் எட்ஜ்ல 0.775 பங்குக்கு, உங்களுக்கு 15.5 கிலோஹெர்ட்ஸுக்கு, நகர்த்துங்க. அப்பவும் தியரிப்படி 94 டிபி கிட்டதான், ரெண்டாவது ஆர்டர் 85. அதனால 64ல இது பெரிய லாபம் இல்லைங்கறது என் கருத்து, ஓவர்சாம்ப்ளிங்கை 128க்கு ஏத்தினீங்கன்னா ரெண்டாவது ஆர்டருக்கு 15 டிபிதான் கூடும், இதுக்கு 21.

இன்புட்டை ஃபுல் ஸ்கேல்ல பாதியில ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. ஒவ்வொரு இன்டக்ரேட்டரோட பீக்கையும் பார்த்து ஸ்கேல் பண்ணுங்க, லிமிட் தாண்டினா மூணையும் ரீசெட் பண்ற லாஜிக் கண்டிப்பா வேணும், ஏன்னா ஒருதடவை எகிறின லூப் இன்புட்டை குறைச்சாலும் தானா திரும்பி வராம போகலாம்.