டிரைவர் ரிவ்யூ: கேளுங்கள், சொல்கிறேன்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வரும், சென்சார் சிப்களை இயக்கும் டிரைவர்களைப் படித்துக் குறை சொல்வது என் வேலையில் பாதி. என் டிரைவர்களில் மற்றவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்துவது மீதிப் பாதி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: புது டிரைவர் ஒன்று வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

இந்த டிரைவர் தேவைதானா என்று பார்ப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு சிப்களுக்கு நடுவே ஒரு ரிஜிஸ்டர்தான் வித்தியாசம் இருக்கும். ஏற்கெனவே கெர்னலில் இருக்கும் டிரைவரில் ஒரு ஐடியும் நாலைந்து வரியும் சேர்த்தால் முடிந்துபோகும் வேலைக்கு 400 வரியில் தனி டிரைவர் வந்து நிற்கும். டேட்டாஷீட்டையும் பழைய டிரைவரையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். அப்புறம் கமிட் மெசேஜ், அதாவது மாற்றம் எதற்கு என்று கூடவே எழுதும் குறிப்பு. அதன் பிறகுதான் கோட். அதிலும் சிப் கிடைத்ததும் டிரைவரைத் தொடங்கிவைக்கும் புரோப் ஃபங்ஷனைக் கீழிருந்து மேலே படிப்பேன். பாதியில் ஏதாவது தோற்றால் அதுவரை வாங்கிய மெமரி முதலானதையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறார்களா என்பது அப்படிப் படித்தால்தான் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: அக்கா, என் வெப்பநிலை சென்சார் டிரைவர் ஆறு மாதமாக என் போர்டில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடுகிறது. ரிவ்யூவில் 14 குறை சொல்லியிருக்கிறார்கள். பேட்ச்சை, அதாவது கெர்னலில் சேர்க்க வேண்டிய மாற்றத்தை, அனுப்பியிருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

பார்த்தேன் தம்பி. 14-ல் ஆறு ஒரே தப்புதான், ஆறு இடத்தில். சிப்போடு பேசும் ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பு வழியாக ஒரு பைட்டைப் படிக்கும் ஃபங்ஷன், சரியாகப் படித்தால் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தரும். படிக்க முடியாவிட்டால் மைனஸ் எண் தரும். நீங்கள் அதை நேராக, மைனஸ் தாங்காத எட்டு பிட் மாறியில் வாங்கியிருக்கிறீர்கள். சிப் பதில் சொல்லாமல் மைனஸ் 6 வந்தால் எட்டு பிட்டில் அது 250 ஆகிவிடும். வெப்பநிலை போன்றவற்றைக் கண்காணிக்கும் ஹெச்டபிள்யூமான் டிரைவர்கள் மில்லி டிகிரியில் சொல்ல வேண்டும் என்பதால், ஆயிரத்தால் பெருக்கி 250000 என்று வெளியே அனுப்பியும் விடுகிறீர்கள். கழன்றது ஒரு வயர். டிரைவர் சொல்வதோ 250 டிகிரி! அந்த எண்ணை நம்பி சர்வரை நிறுத்தும் புரோகிராம்கள் இருக்கின்றன. உங்கள் மேசையில் ஆறு மாதமாக வயர் கழலவில்லை, அவ்வளவுதான். மாறியை இன்ட் ஆக்குங்கள், பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் அந்த எண்ணை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இடத்துக்கு இரண்டு வரி கூடும்.

மீதி எட்டில் மூன்று எனக்கே கொஞ்சம் பிடிவாதமாகத்தான் படுகிறது. ஆனாலும் செய்துவிடுங்கள், அதற்காகச் சண்டை போட்டால் ஒரு மாதம் போகும்.

கேள்வி: வாங்கியதைத் தானாக விடுவிக்கும் டெவ்எம் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால், டிரைவரை இறக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனே எழுத வேண்டாம் என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். டெவ்எம்மில் வாங்கியதை கெர்னலே, வாங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் விடுவிக்கும். ஆனால் அது நடப்பது உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு. ரிவ்யூவில் நான் விடாமல் தேடுவது இந்த இடைவெளியைத்தான். இன்டரப்ட்டை, அதாவது சிப் கெர்னலைக் கூப்பிடும் சிக்னலை, டெவ்எம்மில் வாங்கியிருப்பார்கள். பிறகு செய்யட்டும் என்று அது கியூவில் போடும் ஒர்க்கை மட்டும் ரிமூவில் கையால் கேன்சல் செய்வார்கள். கேன்சல் ஆகிவிட்டது, இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நேரம் பார்த்து சிப் ஒரு இன்டரப்ட் அடித்தால், கேன்சலான ஒர்க் மறுபடி கியூவில் ஏறும். அது ஓடும்போது அதன் மெமரி வேறு யாருடையதாகவோ ஆகியிருக்கும். நானே இப்படி எழுதி, டிரைவர் மாட்யூலை நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் ஒரே ஒரு தடவை தொங்குகிறதே என்று இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்டரப்ட் வாங்குவதற்கு முன்பே கேன்சலையும் டெவ்எம்மில் பதிவு செய்துவிடுங்கள். எதிர் வரிசையில் போகும்போது இன்டரப்ட் முதலில் விடுபடும், கேன்சல் அதற்குப் பின் நடக்கும்.

கேள்வி: ஒரு வரிக்கு 80 எழுத்தா, 100-ஆ?

பேட்ச்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் 2020 முதல் 100-ஐத் தாண்டினால்தான் முணுமுணுக்கிறது. கோடிங் ஸ்டைல் ஆவணம் இன்னமும் 80-ஐத்தான் விரும்புகிறது. அந்தக் கோப்பைச் சுற்றி மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: போர்டின் ஹார்ட்வேரை கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் சிப்பை எப்படி எழுத வேண்டும் என்று விவரிக்கும் பைண்டிங்கைத் தனி பேட்ச்சாகக் கேட்கிறார்கள். ஒரே பேட்ச்சில் கொடுத்தால் என்ன குடி முழுகிப்போகும்?

படிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். பைண்டிங் ஹார்ட்வேரைப் பற்றியது, லினக்ஸைப் பற்றியது அல்ல. சிப்பில் எத்தனை பின், எந்த மின்சாரம், எந்த இன்டரப்ட் என்பதோடு அது நிற்க வேண்டும். ‘டிரைவர் இத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படிக்கட்டும்’ என்று அதில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போர்டோடு வெளியே போன பைண்டிங்கைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. டிரைவரை நாளைக்கே திருத்திக்கொள்ளலாம். அதனால் வரிசையில் பைண்டிங் முதலில் வரட்டும்.

கேள்வி: அனுப்பி பத்து நாளாகிறது, ஒருவரும் பதில் தரவில்லை. மறந்துவிட்டார்களா?

கெர்னலில் புது மாற்றங்களைச் சேர்க்கும் காலமான மெர்ஜ் விண்டோ இப்போது திறந்திருக்கிறதா பாருங்கள். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அதில் முதல் இரண்டு வாரம் அந்தந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெயினர்கள் சேர்த்து வைத்ததை லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். புது டிரைவரைத் தொட நேரம் இருக்காது. அது முடிந்து ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பு வந்த பிறகு மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். திருத்திய வி2 அனுப்பினால் என்ன மாறியது என்பதை, பேட்ச்சில் வரும் ‘---’ என்ற மூன்று கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். கமிட்டில் அது ஏறாது, ரிவ்யூ செய்பவருக்கு மட்டும் தெரியும்.

கேள்வி: முழு டிரைவரையும் சாட்பாட் எழுதிக் கொடுத்தது. கம்பைல் ஆகிறது. அனுப்பலாமா?

சைன்ட்-ஆஃப்-பை வரியில் யார் பெயர் போடுவீர்கள்? லினக்ஸில் தன் கோட் இருக்கிறது என்று எஸ்சிஓ கம்பெனி வழக்குப் போட்ட பிறகு 2004-ல் வந்த வரி அது. இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். ‘இந்த 50 மில்லிசெகண்ட் தாமதம் எதற்கு’ என்று நான் கேட்டால் டேட்டாஷீட்டில் எந்தப் பக்கம் என்று காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அனுப்பாதீர்கள், என் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

கேள்வி: எனக்கு இந்த அளவுக்கு சி தெரியாது. ஆனால் அந்த சிப் உள்ள போர்டு என்னிடம் இருக்கிறது. நான் ஏதாவது உதவ முடியுமா?

பேட்ச்சுக்கு ரிவ்யூட்-பை என்ற வரி கொடுக்காதீர்கள், அதற்குக் கோடைப் படித்திருக்க வேண்டும். டெஸ்டட்-பை கொடுங்கள். பேட்ச்சைப் போட்டுப் பாருங்கள், மாட்யூலைப் பத்து தடவை ஏற்றி இறக்குங்கள், போர்டைத் தூங்கவைத்து எழுப்புங்கள், முடிந்தால் வயரைக் கழற்றிப் பாருங்கள். எந்த போர்டு, எந்தக் கெர்னல், வயரைக் கழற்றியபோது என்ன எண் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். 250000 வந்திருந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.