பேனலில் 11 செல்லும் பாசிட்டிவ்: முதலில் எதைத் தேடுவது?

ரத்த வங்கியில் பணிபுரியும் ஒரு டெக்னீஷியன் கேட்டிருக்கிறார்: "42 வயதுப் பெண், பி பாசிட்டிவ், இரண்டு பிரசவம் ஆனவர். ஹீமோகுளோபின் 6.8. ஸ்கிரீனிங் செல் மூன்றும், பேனலில் 11 செல்லும் பாசிட்டிவ், எல்லாம் 2+. ஆட்டோ கன்ட்ரோல் நெகட்டிவ். ஐந்து யூனிட் கிராஸ்மேட்ச் போட்டும் ஒன்றுகூடச் சேரவில்லை. இது என்ன ஆன்டிபாடி?"

அதாவது, ஆன்டிஜென்கள் (சிவப்பணு மேலுள்ள அடையாளங்கள்) முன்பே தெரிந்த பேனல் செல்கள் எல்லாவற்றோடும் இவருடைய பிளாஸ்மா ஒரே வலுவில் (2+) வினை புரிகிறது; சொந்தச் செல்லோடு (ஆட்டோ கன்ட்ரோல்) மட்டும் இல்லை. பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் நோயாளியின் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு டேராடுமுமாப் மருந்து போட்டிருந்தால் பேனல் இப்படியேதான் வரும். அந்த மருந்து சிவப்பணு மேல் கொஞ்சமாக இருக்கும் சிடி38 புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோ கன்ட்ரோல் பல சமயம் நெகட்டிவாகவே இருக்கும். மருந்தை நிறுத்தி மாதக்கணக்கான பிறகும் இது நீடிக்கலாம். செல்களை டிடிடி என்ற ரசாயனம் போட்டுப் பதப்படுத்தினால் இந்த வினை மறைந்துவிடும். ஆனால் டிடிடி கெல் என்ற ரத்த வகை ஆன்டிஜெனையும் அழித்துவிடும், ஆன்டி-கெல் இருந்தாலும் தெரியாது; அதனால் கெல் நெகட்டிவ் யூனிட்டாகத் தேர்ந்தெடுங்கள்.

மருந்து இல்லை என்றால், ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஓர் ஆன்டிஜென் இவரிடம் இல்லை, கர்ப்பத்திலோ முன்பு ஏற்றிய ரத்தத்திலோ அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். (இதே முடிவு ஓ குரூப் என்று வந்தவரிடம் இருந்தால், 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகையா (எச் ஆன்டிஜெனே இல்லாத அரிய வகை) என்று ஆன்டி-எச் போட்டுப் பாருங்கள். உங்கள் நோயாளி பி என்பதால் அது இல்லை.)

பப்பெயின் என்ற நொதி போட்டுப் பதப்படுத்திய செல், டிடிடி பதப்படுத்திய செல் இரண்டிலும் பேனலைத் திரும்பப் போடுங்கள். டிடிடியில் மட்டும் வினை போனால் கெல், லூத்தரன், டோம்ப்ராக் ஆன்டிஜென் குடும்பங்கள் பக்கம் பாருங்கள். பலரின் பிளாஸ்மாவைக் கலந்து சேர்த்ததும் வினை அடங்கினால் அது சிடோ அல்லது ராட்ஜர்ஸ் ஆன்டிபாடியாக இருக்கலாம்; அவை பொதுவாக ஏற்றிய ரத்தத்தை உடைப்பதில்லை.

என்னைக் கேட்டால், அந்த அரிய ஆன்டிபாடியைவிட அதன் பின்னால் ஒளிந்திருப்பதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். எல்லா செல்லும் பாசிட்டிவ் என்றால் ஆன்டி-சின்ன சி, ஆன்டி-பெரிய இ, ஆன்டி-ஜேகே-ஏ போன்ற வழக்கமான ஆன்டிபாடிகள் எதையும் நீங்கள் விலக்கவில்லை என்றுதான் அர்த்தம். பேனல் போட்ட ஜெல் கார்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். பத்துக் குழாய்களில் செல் கட்டிகள் நீளம் முழுக்கப் பரவிக் கிடக்க, ஒன்றில் மட்டும் மேலே தேங்கி நின்றால் (அங்கே வினை இன்னும் வலு), அந்தச் செல்லில் இரண்டாவது ஆன்டிபாடியும் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 'எல்லாம் 2+' என்று ஒரே வரியில் எழுதினால் இது தப்பிவிடும்.

நோயாளி கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றாதவர் என்றால் அவருடைய ஃபீனோடைப்பை (செல்லில் எந்தெந்த ஆன்டிஜென் இருக்கிறது என்ற பட்டியலை) முழுதாகப் போடுங்கள். ஏற்றியிருந்தால் மரபணு முறையில் கண்டறிய வேண்டும். அவரிடம் இல்லாத ஆன்டிஜெனுக்குத்தான் அவர் ஆன்டிபாடி உருவாக்க முடியும் என்பதால் பட்டியல் சட்டென்று சுருங்கும். அப்புறம் வழக்கமான ஆன்டிஜென்களில் அவரோடு ஒத்துப்போகும், ஆனால் அந்தப் பொது ஆன்டிஜென் உள்ள செல்களில் அவருடைய பிளாஸ்மாவை உறிஞ்ச வைத்தால், எல்லா செல்லோடும் வினை புரிந்த ஆன்டிபாடி அந்தச் செல்லோடு போய், ஒளிந்திருந்தது மிஞ்சும். மிஞ்சியதை மீண்டும் பேனலில் போடுங்கள். ஆன்டி-ஜேகே-ஏ போன்ற கிட் (Kidd) வகை ஆன்டிபாடியை விட்டுவிட்டால், ஏற்றிய ரத்தம் சில நாள் கழித்து உடைந்து நோயாளியைப் படுத்திவிடும். 'குறைவாக வினை புரிந்த யூனிட்' என்று சொல்லிக் கொடுப்பதை, இந்தச் சோதனை முடியாமல் நான் ஏற்க மாட்டேன்.

ரெஃபரன்ஸ் லேபுக்கு ஈடிடிஏ குழாய்களை அனுப்பும்போது மருந்து, பிரசவம், பழைய ரத்த ஏற்றம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். கூடவே, ரத்தம் சேருமா என்று பார்க்க உடன்பிறந்தவர்களை இன்றே வரச் சொல்லுங்கள். அந்த ஆன்டிஜென் இல்லாமை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால், ஒவ்வொரு உடன்பிறப்பிடமும் அது இல்லாமலிருக்க நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.